பி12: தயாரிப்பது பாக்டீரியா, பட்டினி கிடப்பது நாம்

"நம்ம குடல்ல இருக்கிற பாக்டீரியாவே பி12 தயாரிக்குதே, அப்புறம் எதுக்கு மாத்திரை?"

சைவ உணவு பற்றி எங்கே பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். எதிர்த்தரப்பும் தயாராக இருக்கும். "பி12 கறி, மீன், முட்டையில மட்டும்தான் இருக்கு. சைவம்னா குறைபாடு நிச்சயம்." அதன்பிறகு அந்த வாட்ஸப் குழுவில் அன்றைக்கு வேறு எந்தப் பேச்சும் நடக்காது.

இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மை. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் சில மாதங்களாக ராத்திரி வேலை முடிந்த பிறகு பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தோண்டிக்கொண்டிருந்தேன். நான் மருத்துவர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு சிஸ்டம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் தினசரி வேலைதான். அப்படிப் புரட்டும்போது ஒரு ஆச்சரியம் கிடைத்தது. மேலே சொன்ன இரண்டு பாதிகளுக்கும் ஆதாரம் தந்த ஆய்வுகள் வேலூரிலிருந்தே வந்திருக்கின்றன. ஒரே மருத்துவமனை, 18 ஆண்டு இடைவெளியில் இரண்டு கட்டுரைகள், இரண்டிலும் ஒரே ஆராய்ச்சியாளரின் பெயர்.

வேலூருக்குப் போவதற்கு முன்னால் லண்டன், பாஸ்டன் வழியாகக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகணும்.

அரைவேக்காட்டுக் கறியும் ஒரு டாக்டரின் வயிறும்

19-ம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் ஒரு விநோதமான ரத்தசோகையை விவரித்தார். நோயாளி மெல்ல மெல்ல வெளுத்துப்போவார், நாக்கு புண்ணாகும், கை கால் மரத்துப்போகும், கடைசியில் இறந்துபோவார். இரும்புச்சத்து கொடுத்தும் பயனில்லை. பின்னால் இதற்கு 'பெர்னிஷியஸ் அனீமியா' என்று பெயர் வந்தது. கொல்லும் ரத்தசோகை என்று வைத்துக்கொள்ளலாம். 1926 வரை இதற்கு மருந்து கிடையாது.

அந்த ஆண்டு பாஸ்டனில் ஜார்ஜ் மைனட், வில்லியம் மர்ஃபி இருவரும் 45 நோயாளிகளுக்குத் தினமும் நிறைய ஈரல் சாப்பிடக் கொடுத்தார்கள். நோயாளிகள் தேறினார்கள். அவர்களுக்கு இந்த யோசனை வந்தது ஜார்ஜ் விப்பிள் நாய்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து. நாய்களின் ரத்தத்தை எடுத்து ரத்தசோகையை உண்டாக்கி, எந்த உணவு கொடுத்தால் சீக்கிரம் தேறுகிறது என்று பார்த்தார் விப்பிள். ஈரல் ஜெயித்தது. வேடிக்கை என்னன்னா, அந்த நாய்களைத் தேற்றியது ஈரலில் இருந்த இரும்புச்சத்து. மனிதர்களைத் தேற்றியது ஈரலில் இருந்த வேறொரு பொருள். காரணம் வேறு, விடை சரி. மூவருக்கும் 1934-ல் நோபல் பரிசு.

அடுத்த கேள்வியைக் கேட்டவர் அதே ஊரின் வில்லியம் காசில். "நல்லா இருக்கிறவங்க தினமும் ஈரலா சாப்பிடறாங்க? அவங்களுக்கு ஏன் இந்த நோய் வரலை?" இந்த நோயாளிகளின் வயிற்றில் அமிலம் சுரப்பதில்லை என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. குறை சாப்பாட்டில் இல்லை, வயிற்றில் இருக்கலாம் என்று அவர் நினைத்தார்.

அவர் செய்த சோதனையை இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொள்ளாது. முதல் 10 நாள் நோயாளிகளுக்கு அரைவேக்காட்டு மாட்டுக்கறி மட்டும் கொடுத்தார். ரத்தத்தில் மாற்றம் இல்லை. அடுத்த 10 நாள், காசில் தானே 300 கிராம் அதே கறியைச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வாந்தியாக வெளியே எடுத்து, அதை மேலும் செரிக்க வைத்துக் குழாய் வழியாக நோயாளிகளுக்குச் செலுத்தினார். சில நாட்களில் ரத்தத்தில் இளம் சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கின.

காசிலின் முடிவு: உணவிலிருந்து ஒரு பொருள் வரவேண்டும், வயிற்றிலிருந்து இன்னொரு பொருள் வரவேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். முதலாவதற்கு 'வெளிக் காரணி', இரண்டாவதற்கு 'உள் காரணி' என்று பெயரிட்டார். உள் காரணி வயிற்றின் சுவரில் சுரக்கும் ஒரு புரதம். வெளிக் காரணிதான் நம்ம கதாநாயகன். அது என்னவென்று தெரிய இன்னும் 20 ஆண்டுகள் பிடித்தன.

நடுவில் பம்பாய், குன்னூர், சென்னை

கிட்டத்தட்ட அதே காலத்தில், 1928-ல், லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்குக் கடுமையான ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் பெர்னிஷியஸ் அனீமியா மாதிரியே பெரிய பெரிய அணுக்கள். வில்ஸ் பம்பாயிலும், குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையிலும் தங்கி ஆய்வு செய்தார். ரொட்டியில் தடவும் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு இந்தப் பெண்களைக் குணமாக்குகிறது என்று கண்டுபிடித்தார்.

மார்மைட்டில் இருந்த மருந்து பின்னால் ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. அது பி12 இல்லை. ஆனால் இரண்டும் உடலுக்குள் ஒரே வேலையில் கூட்டாளிகள் என்பதால், எது குறைந்தாலும் ரத்தம் ஒரே மாதிரி தெரியும். 1940-களில் பெர்னிஷியஸ் அனீமியா நோயாளிகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தபோது ரத்தம் சரியானது, நரம்பு பாதிப்போ தொடர்ந்தது. டாஷ்போர்டு பச்சையாக இருக்கும், உள்ளே சர்வர் எரிந்துகொண்டிருக்கும் என்று எங்கள் பக்கம் சொல்வோமே, அந்தக் கதைதான். நம்ம ஊர் சாப்பாட்டில் கீரை, பருப்பு மூலம் ஃபோலேட் ஓரளவு வந்துவிடும். அதனால் பி12 குறைபாடு ரத்தத்தில் பளிச்சென்று தெரியாமல் நரம்பில் மெதுவாக வேலை செய்யலாம். இதை நினைவில் வையுங்கள்.

துப்புத் துலக்கிய பாக்டீரியா

ஈரலில் இருக்கும் அந்தப் பொருளைப் பிரித்தெடுப்பதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. பிரித்த ஒவ்வொரு பகுதியையும் உண்மையான நோயாளிக்குக் கொடுத்துத்தான் சோதிக்க முடியும். ஒரு டெஸ்ட் ரன்னுக்கு வாரக்கணக்கு. அதற்கு நோயாளியும் கிடைக்கணும்.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர் மேரிலாண்டில் இருந்த மேரி ஷார்ப். தயிர் பாக்டீரியாவுக்கு நெருங்கிய சொந்தமான ஒரு லாக்டோபேசில்லஸ் வகை, ஈரல் சாறு இல்லாமல் வளர மறுக்கிறது என்பதை அவர் கவனித்திருந்தார். மனிதனுக்குத் தேவையான அதே பொருள்தான் அதற்கும் தேவையோ? ஆமாம். நோயாளிக்குப் பதில் இனி பாக்டீரியாவை வைத்து அளக்கலாம், ஒரு நாளில் விடை தெரிந்துவிடும். 1948-ல் மெர்க் நிறுவனத்தில் கார்ல் ஃபோக்கர்ஸ் குழு சிவப்பு நிறப் படிகங்களாக பி12-ஐப் பிரித்தது. இங்கிலாந்தில் கிளாக்ஸோவின் லெஸ்டர் ஸ்மித்தும் தனியாக அதே ஆண்டு அதை எட்டினார்.

அந்தச் சிவப்புப் படிகத்தின் நடுவில் கோபால்ட் அணு ஒன்று உட்கார்ந்திருந்தது. டாரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்ரே படங்களை வைத்து 1950-களின் நடுவில் அதன் முழு அமைப்பையும் கண்டுபிடித்தார். கணக்கீடுகளில் பெரும் பகுதி அமெரிக்காவில் எஸ்.டபிள்யு.ஏ.சி. என்ற ஆரம்பகாலக் கணினியில், கென்னத் ட்ரூப்ளட் குழுவால் ஓட்டப்பட்டது. ஒரு வைட்டமினின் உருவத்தைக் கண்டுபிடிக்கக் கணினி தேவைப்பட்ட காலம் அப்போதே வந்துவிட்டது. ஹாட்ஜ்கினுக்கு 1964-ல் நோபல்.

சரி, ஈரலுக்குள் இந்தப் பொருள் எப்படி வந்தது? மாடு தயாரிக்கிறதா? இந்தக் கேள்விக்கான துப்புகள் மூன்று வேறு வேறு இடங்களில் கிடந்தன.

முதல் துப்பு மருந்துத் தொழிற்சாலையில். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தயாரிக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவின் ஊறல் நீரிலேயே பி12 இருப்பதை மெர்க் ஆட்கள் 1948-லேயே கண்டார்கள். ஈரல் தேவையில்லை, பாக்டீரியாவை வளர்த்தால் போதும்.

இரண்டாவது கோழிப் பண்ணையில். தானியமும் சோயாவும் மட்டும் தின்னும் கோழிகளின் முட்டை சரியாகப் பொரிவதில்லை, ஆனால் சாணத்தைக் கிளறும் கோழிகள் நன்றாக இருக்கின்றன என்பது 1940-களில் ஆராய்ச்சியாளர்களைக் குழப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெயர் தெரியாத பொருளுக்கு 'சாணக் காரணி' என்றே ஒரு பெயர் புழங்கியது. அதுவும் பி12-தான். இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. மலிவான பி12 தேடி, லெடர்லே நிறுவனத்தின் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் ஆன்டிபயாட்டிக் தயாரிப்பில் மிஞ்சிய ஊறலைக் கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பி12 மட்டும் கொடுத்தால் வளர்வதைவிட அதிகமாகவே அவை வளர்ந்தன. காரணம் ஊறலில் மிஞ்சியிருந்த ஆன்டிபயாட்டிக். கால்நடைத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்கும் பழக்கம், இன்றைக்கு உலகத்துக்கே தலைவலியாக இருக்கும் அந்தப் பழக்கம், அங்கிருந்துதான் பரவியது.

மூன்றாவது துப்பு ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலத்தில். சில பகுதிகளில் ஆடுகள் வயிறு முட்டப் புல் தின்றும் மெலிந்து செத்துக்கொண்டிருந்தன. 1935-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட்டும் ஃபில்மரும், தெற்கு ஆஸ்திரேலியாவில் மார்ஸ்டனும் லைன்ஸும், மண்ணில் கோபால்ட் இல்லாததுதான் காரணம் என்று காட்டினார்கள். ஆனால் ஒரு புதிர் மிஞ்சியது. கோபால்ட்டை வாய் வழியாகக் கொடுத்தால் ஆடு தேறுகிறது. ஊசி மூலம் ரத்தத்தில் ஏற்றினால் பயனில்லை. ஏன்? 1951-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோபால்ட் குறைந்த ஆட்டுக்குட்டிகளுக்கு பி12 ஊசி போட்டுப் பார்த்தார்கள். தேறின. கோபால்ட் ஆட்டுக்கான சாப்பாடு இல்லை, ஆட்டின் வயிற்றில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கான சாப்பாடு. அவை கோபால்ட்டை பி12 ஆக்கினால்தான் ஆட்டுக்குப் பயன்.

மூன்று துப்பையும் சேர்த்தால் விடை ஒன்றுதான். பி12-ஐத் தயாரிக்கும் திறன் சில பாக்டீரியாக்களுக்கும் அவற்றின் தூரத்துச் சொந்தங்களான ஆர்க்கியாவுக்கும் மட்டுமே உண்டு. எந்த மிருகமும் தயாரிப்பதில்லை, எந்தச் செடியும் தயாரிப்பதில்லை. கறியில் இருக்கும் பி12 கூட பாக்டீரியாவிடம் கடன் வாங்கியதுதான். நாம் காபியில் ஊற்றும் பாலில் இருப்பதும் அப்படியே.

தொழிற்சாலை இருக்கு, கதவு எந்தப் பக்கம்?

இப்போது மனிதக் குடலுக்கு வருவோம். நம்முடைய பெருங்குடலில் பாக்டீரியாக்கள் கோடானுகோடி. அவற்றில் சில பி12-ஐத் தயாரிக்கவும் செய்கின்றன. அப்புறம் என்ன பிரச்சினை?

வரிசைதான் பிரச்சினை. பி12 உடலுக்குள் நுழைய வயிற்றில் சுரக்கும் உள் காரணியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஜோடியை இழுத்துக்கொள்ளும் கதவுகள் இருப்பது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். பாக்டீரியாக்களின் தொழிற்சாலையோ அதையும் தாண்டி, பெருங்குடலில். டெப்லாய் முடிந்த பிறகு பில்டு ஓடுகிற பைப்லைன் மாதிரி. சரக்கு தயாராகும்போது வண்டி கிளம்பிப் போயிருக்கும்.

மாடும் ஆடும் இந்த வரிசையைச் சரியாக வைத்திருக்கின்றன. பாக்டீரியாத் தொட்டியான ரூமென் முன்னால், உறிஞ்சும் சிறுகுடல் பின்னால். முயலுக்கு நம்மைப் போலவே தொட்டி பின்னால்தான். ஆனால் அது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. தன் கழிவில் மென்மையான ஒரு வகையை மட்டும் மறுபடி தின்று, சரக்கை இரண்டாம் முறை பைப்லைனில் ஏற்றிவிடுகிறது. கேட்க அருவருப்பாக இருந்தாலும் பொறியியல் ரீதியாகப் பிழையில்லாத ஏற்பாடு.

மனிதரிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்க ரத்தவியல் நிபுணர் விக்டர் ஹெர்பர்ட் 1988-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இங்கிலாந்தில் ஷீலா காலண்டர் செய்த ஆய்வைக் குறிப்பிடுகிறார். பால்கூட எடுத்துக்கொள்ளாத, பி12 குறைந்த சைவர்களின் மலத்திலிருந்து நீர்ச்சாறு எடுத்து அவர்களுக்கே திரும்பக் கொடுத்தபோது குறைபாடு நீங்கியதாம். அதாவது அவர்களைக் குணப்படுத்தும் மருந்து அவர்கள் வயிற்றுக்குள்ளேயே தினமும் தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் உறிஞ்சும் கதவைத் தாண்டிய பிறகு.

வேலூர், 1962

கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழந்தைகள் பிரிவுக்குச் சில கைக்குழந்தைகள் ஒரே மாதிரியான அறிகுறிகளோடு வந்துகொண்டிருந்தார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைகள். சில மாதம் வரை நன்றாக இருந்துவிட்டு, பிறகு சிரிப்பை மறக்கும். நின்ற தலை மறுபடி தொங்கும். கை கால் தானாக நடுங்கும். விரல் மூட்டுகளில் தோல் கறுத்துப்போகும். ரத்தசோகை இருக்கும்.

ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகிய நால்வர் 1962-ல் லான்செட் இதழில் இதைத் தனி நோய்க்குறித் தொகுப்பாக விவரித்தார்கள். காரணம் பி12 குறைபாடு. தாய்மாரின் உடலிலேயே பி12 இல்லை, அதனால் பாலிலும் இல்லை. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறினார்கள். இன்றைக்கும் உலகத்தில் எங்கே குழந்தைகளின் பி12 குறைபாடு பற்றி எழுதினாலும் இந்த வேலூர்க் கட்டுரையைச் சுட்டாமல் இருப்பது அபூர்வம்.

அந்தத் தாய்மாரின் குடலிலும் பாக்டீரியாக்கள் இருந்திருக்கும். அவற்றில் சில பி12-ஐத் தயாரித்துக்கொண்டும் இருந்திருக்கும். குழந்தைக்கு அது வந்து சேரவில்லை.

வேலூர், 1980

அந்த நால்வரில் கடைசிப் பெயர் செல்வின் பேக்கர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து வேலூரில் குடல் நோய்கள், ரத்தசோகை இரண்டையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். வட ஆற்காடு கிராமங்களில் 1960-களில் பரவிய, சத்துகள் உறிஞ்சப்படாமல் வயிற்றுப்போக்கோடு மெலிந்துபோகும் ஸ்ப்ரூ நோயை மாத்தனோடு சேர்ந்து கிராமம் கிராமமாகப் பதிவு செய்தவர். அந்த ஆய்வுகளால் தென்னிந்தியர்களின் சிறுகுடலை அவர்கள் நெருக்கமாக அறிந்திருந்தார்கள்.

1980-ல் நேச்சர் இதழில் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெருங்குடல் பி12 நமக்குக் கிடைப்பதில்லை என்ற உண்மையை ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். பிறகு திருப்பம். ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலிலும், அதாவது உறிஞ்சும் பாதையிலேயே, பாக்டீரியாக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா என்ற இரண்டு வகைகளாவது கணிசமான பி12-ஐத் தயாரிக்கக்கூடும்.

இந்தக் கட்டுரைதான் இன்றைய "நம்ம குடலே தயாரிக்கும்" வாதத்தின் பெரிய தூண். நியாயமான தூண்தான். அசைவமே தொடாத பலர் பெரிய நோயில்லாமல் வாழ்வதற்கு இது ஒரு பங்கு விளக்கம் தரலாம். ஆனால் "தயாரிக்கக்கூடும்" என்ற அந்த ஒரு சொல் வாட்ஸப்புக்கு வந்து சேர்வதற்குள் "தயாரிக்கும், கவலைப்படாதே" என்று ஆகிவிடுகிறது. ஆசிரியர்களில் ஒருவரே 18 ஆண்டு முன்னால் துவண்டுபோன குழந்தைகளைப் பற்றி எழுதியவர் என்பதும் கூடவே தொலைந்துபோகிறது.

கணக்கில் வராத மூன்று விஷயங்கள்

முதலாவது, போலிச் சரக்கு. பாக்டீரியாக்கள் தயாரிப்பதெல்லாம் நமக்கு உதவும் பி12 இல்லை. அதே சட்டகம், வேறு பின்னொட்டு என்று பல ஒத்த உருவங்கள் உண்டு. 2008-ல் ராபர்ட் ஆலனும் சாலி ஸ்டேப்ளரும் மனித மலத்தில் இருந்த இந்த வகைச் சேர்மங்களை அளந்தபோது, உண்மையான பி12 சராசரியாக 2 சதவீதத்துக்கும் குறைவு. பழைய பாக்டீரியா அளவுமுறை சில போலிகளையும் அசல் என்று எண்ணிவிடக்கூடியது. ஸ்பைருலினாவில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்ற விளம்பரத்தின் கதையும் இதுதான். அதில் பெரும்பங்கு நமக்கு உதவாத வகை.

இரண்டாவது, பங்காளிச் சண்டை. குடல் பாக்டீரியாக்களில் மிகப் பலவற்றுக்கு பி12 தேவை, ஆனால் அதை முழுசாகத் தயாரிக்கத் தெரிந்தவை சிறுபான்மை. அறுவை சிகிச்சையாலோ நோயாலோ சிறுகுடலில் பாக்டீரியா மிதமிஞ்சிப் பெருகிய நோயாளிகளுக்கு பி12 குறைபாடு வருவதையும், ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் உறிஞ்சுதல் மேம்படுவதையும் 1950-களிலேயே கண்டிருக்கிறார்கள். அதே சிறுகுடலில் அதே பாக்டீரியாக் கூட்டம் தானம் செய்பவராகவும் இருக்கலாம், திருடராகவும் இருக்கலாம்.

மூன்றாவது, நேரடி அளவீடு. குடல் பாக்டீரியா நம்மைக் காப்பாற்றியிருந்தால் இந்தியர்களின் ரத்தத்தில் அது தெரியணும். 2006-ல் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு புணேயில் 441 நடுத்தர வயது ஆண்களைச் சோதித்தது. கிராமத்தார், குடிசைப் பகுதியினர், நடுத்தர வர்க்கம் என்று மூன்று பிரிவு. 67 சதவீதம் பேருக்கு பி12 குறைவு. இந்த ஒரு எண்ணோடு வாதம் முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து.

அப்போ தயிர்?

எங்கள் பெரியம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் மாத்திரை. பால், தயிர் உண்டு, முட்டை கிடையாது. பாதம் எரியுது, மரத்துப்போகுது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கரைதான் காரணம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம். மருத்துவர் பி12 பார்க்கச் சொன்னார். குறைவு. ஊசி போட்ட பிறகு எரிச்சல் நன்றாகவே குறைந்தது. பெரியம்மா கேட்டது ஒரே கேள்வி: "தினமும் ரெண்டு வேளை தயிர் சாதம் சாப்பிடறேனேடா, அப்புறம் எப்படிக் குறையும்?"

நல்ல கேள்வி. ஒரு டம்ளர் பசும்பாலில் ஏறக்குறைய 0.8 முதல் 1 மைக்ரோகிராம் பி12 இருக்கும். ஐ.சி.எம்.ஆர். 2020 பரிந்துரைப்படி பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவை 2.2 மைக்ரோகிராம். தூள் உப்பின் ஒரு துகளைவிடச் சிறிய அளவுதான். ஆனாலும் தினமும் இரண்டு, மூன்று டம்ளர் பால் குடித்தால்தான் எட்டும். தயிராகும்போது பாக்டீரியா பி12-ஐக் கூட்டும் என்று நினைத்தால், மேரி ஷார்ப்பின் அளவுகோலை நினைத்துக்கொள்ளுங்கள். தயிர்க்கார லாக்டோபேசில்லஸ் குடும்பம் பி12-ஐக் கேட்டு வாங்கித் தின்னும் வகை. இட்லி மாவையும் பழைய சோற்றையும் புளிக்க வைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களிலும் பெரும்பாலானவை பி12-ஐத் தயாரிப்பதில்லை. அவற்றுக்கு வேறு நன்மைகள் உண்டு, இந்த வேலை மட்டும் அவற்றால் ஆகாது. இது போதாதென்று மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சுதலைக் குறைக்கும், வயதானால் வயிற்று அமிலமும் குறையும். காசிலின் இரண்டு காரணிகளில் ஒன்று குறைந்தாலும் விளைவு ஒன்றுதான்.

"நான் அஞ்சு வருஷமா பால்கூட தொடலை, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈரலில் நாம் சேர்த்து வைத்திருக்கும் பி12 சில மில்லிகிராம். தினசரிச் செலவு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். பித்தநீரோடு குடலுக்குப் போகும் பி12-ஐயும் உடல் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பழைய சேமிப்பு பல வருஷம் தாக்குப்பிடிக்கும். பேலன்ஸ் இருப்பதால் வருமானம் இருக்கு என்று அர்த்தம் இல்லை. அந்தச் சேமிப்பே இல்லாமல் பிறக்கிற குழந்தைக்கு மாதக்கணக்கு போதும். வேலூர் 1962 சொன்னது அதைத்தான்.

அரசாங்கமும் இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது. ரேஷன் அரிசியைச் செறிவூட்டும் திட்டத்தில் இரும்பு, ஃபோலிக் அமிலத்தோடு பி12-ம் சேர்க்கப்பட்டது. தர விதிப்படி கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். ஒருவர் நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் சுமார் 0.3 மைக்ரோகிராம். ஒன்றுமே இல்லாததற்குப் பரவாயில்லை, ஆனால் தேவையில் ஏழில் ஒரு பங்குதான்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பாக்டீரியா தயாரிக்குதே, மாத்திரை எதுக்கு?

கடையில் கிடைக்கும் பி12 மாத்திரை ஈரலிலிருந்தோ கறியிலிருந்தோ எடுக்கப்படுவதில்லை. 1972-ல் உட்வர்டும் எஷன்மோசரும் நூறு பேர் அளவிலான கூட்டு உழைப்பில் ஆய்வகத்தில் அதை முழுசாக உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் அந்த வழி தொழிலுக்கு ஒத்துவராத அளவு நீளம். அதனால் இன்றைக்கும் உலகத்தின் பி12 முழுக்கத் தொட்டிகளில் வளர்க்கும் பாக்டீரியாக்களின் தயாரிப்பு. மாடு தன் ரூமெனில் செய்வதை நாம் எஃகுத் தொட்டியில் செய்கிறோம், அவ்வளவுதான். மாத்திரையும் பாக்டீரியா தந்ததே, நுழைகிற வாசல் மட்டும் வாய்.

ஆகவே சைவமா அசைவமா என்ற சண்டையை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் முட்டை, மீன் தொடாத கர்ப்பிணியோ, பாலூட்டும் தாயோ, மெட்ஃபார்மின் சாப்பிடும் பெரியவரோ இருந்தால், அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது பி12-ஐயும் சேர்த்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எண்ணைப் பார்த்துவிட்டு அவர் முடிவு சொல்லட்டும்.